ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் வரும் அந்த 'ஏஎல்பி'... பச்சிளம் உயிர்களைக் காக்கும் காவல்காரனா?

பெசன்ட் நகரில் காலையில் வாக்கிங் போகிறவர்களுக்குப் பழகிய காட்சிதான். எலியட்ஸ் கடற்கரையிலிருந்து வடக்கே, அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை நோக்கி நடந்தால் ஊரூர் ஒல்காட் குப்பம். மணலில் ஏற்றிவிட்ட ஃபைபர் படகுகள், சிக்கெடுத்துக்கொண்டிருக்கும் வலைகள், தட்டில் பரப்பிய மீன். சங்கரா, நண்டு, கிடைத்த நாளில் கடம்பா. ரெஸ்டாரன்ட் மெனுவில் 'கலமாரி' என்று பேர் மாறியதும் விலை எகிறுமே, அதே கடம்பாதான்.

இந்தக் கடம்பாவுக்கு ஹவாய் தீவில் ஒரு தூரத்து உறவு உண்டு. கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். முட்டையிலிருந்து வெளியே வரும்போது அதன் ஒளி உறுப்பில் ஒரு பாக்டீரியாகூட இருக்காது. அடுத்த சில மணி நேரத்தில், கடல் தண்ணீரில் இருக்கும் ஆயிரமாயிரம் வகைகளில் ஒரே ஒரு வகையை மட்டும் பொறுக்கியெடுத்து உள்ளே குடிவைத்துக்கொள்ளும். ராத்திரியில் அந்த பாக்டீரியா மினுங்கும். நிலா வெளிச்சத்தோடு அது கலந்துவிடுவதால், கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிற பெரிய மீனுக்கு இந்தக் குட்டிக் கணவாயின் நிழல் தெரியாது. தப்பித்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், குடியேறிய அந்த விருந்தாளியின் மேல்தோலில் விஷம் இருக்கிறது. காலரா கிருமி இருக்கிற அதே விப்ரியோ குடும்பம். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத கணவாய்க்குஞ்சு அந்த விஷத்தோடு எப்படிக் குடித்தனம் நடத்துகிறது? 2012-ல் வெளியான ஓர் ஆய்வு ஒரு பதிலைச் சொன்னது. குஞ்சின் உடம்பிலேயே ஒரு என்சைம் இருக்கிறது. அது விஷத்தின் பல்லை மட்டும் பிடுங்கிவிடுகிறது. பாக்டீரியாவைக் கொல்வதில்லை.

அந்த என்சைமின் பெயர் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? ஆபீஸில் வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொல்லும் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். லிவர் டெஸ்ட் பகுதியில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடிக்குப் பக்கத்தில் 'ஏஎல்பி' என்று ஒரு வரி இருக்கும். அதுதான். ரிப்போர்ட்டில் நாம் பார்ப்பது பெரும்பாலும் கல்லீரலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது. இதே குடும்பத்தில் இன்னொருவர் குடலில் உட்கார்ந்திருக்கிறார். இந்தக் கதை அவரைப் பற்றியது.

'ரத்தத்துல இன்ஃபெக்ஷன்' என்றால் என்ன?

"குழந்தைக்கு ரத்தத்துல இன்ஃபெக்ஷனாம், உள்ளே வச்சிருக்காங்க." பிரசவ வார்டு வாசலில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர்கள் குறைவு. டாக்டர்கள் இதைத்தான் செப்சிஸ் என்கிறார்கள். கிருமி உள்ளே நுழைவது பாதிக் கதை. அதை எதிர்க்கக் கிளம்பிய நம் உடம்பே கட்டுப்பாடு இழந்து, சொந்த உறுப்புகளையே தாக்க ஆரம்பிப்பதுதான் செப்சிஸ். திருடனைப் பிடிக்க வீட்டுக்கே தீ வைப்பது போல.

உலக அளவில் 2022-ல் மட்டும் பிறந்து 28 நாள்களுக்குள் இறந்த குழந்தைகள் சுமார் 23 லட்சம். குறைப்பிரசவம், பிறக்கும்போது மூச்சுத்திணறல், தொற்று ஆகியவையே இதற்குப் பெரிய காரணங்கள். தமிழ்நாடு இந்த விஷயத்தில் நன்றாகவே செய்திருக்கிறது. 2020 கணக்குப்படி, ஆயிரம் பிறப்புக்கு ஒரு வயதுக்குள் நேரும் இறப்பு இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. ஆனால் அந்த 13-க்குள் பெரும்பங்கு முதல் மாதத்திலேயே நடக்கிறது.

இந்தியக் குழந்தைகளைத் தாக்கும் கிருமிகள் எவை? 2011 முதல் 2014 வரை டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 13,530 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2016-ல் வெளியானது. அவர்களில் 14.3 சதவீதம் பேருக்கு செப்சிஸ். ரத்தப் பரிசோதனையில் சிக்கிய கிருமிகளில் முதல் மூன்று இடம்: அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ.கோலை. பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத தன்மை அசினெட்டோபாக்டரில் 82 சதவீதம்.

மேற்கத்திய நாடுகளில் பிறந்த உடனே வரும் தொற்றில் பெரிய வில்லன் வேறு. அங்கே 'குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்ற கிருமியைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். டெல்லிப் பட்டியலில் இருக்கும் மூன்று பேருக்கும் பொதுவான ஓர் அம்சம் இருக்கிறது. மூன்றும் 'கிராம் நெகட்டிவ்' வகை. அதாவது ஹவாய் கணவாயின் விருந்தாளிபோலவே மேல்தோலில் விஷம் பூசிக்கொண்டு வருபவை. அந்த விஷத்துக்கு எண்டோடாக்சின் என்று பெயர்.

ஆன்டிபயாடிக் போட்டால் பாக்டீரியா செத்துவிடும். அதன் மேல்தோல் உடைந்து சிதறும்போது விஷம் ரத்தத்திலேயே தங்கும். கிருமியைக் கொல்வது ஒரு வேலை, விஷத்தை முறிப்பது இன்னொரு வேலை. இரண்டாவது வேலைக்கு மருந்துக் கடையில் இன்றுவரை எதுவும் இல்லை.

இரண்டு கொக்கி, ஒரு கத்தரி

எண்டோடாக்சின் எப்படி வேலை செய்கிறது? அதன் அடிப்பகுதியில் 'லிப்பிட் ஏ' என்று ஒரு கொழுப்புத் துண்டு. அதில் இரண்டு பாஸ்பேட் கொக்கிகள். நம் செல்களின் மேல் டிஎல்ஆர்-4 என்று ஒரு அலாரம் பட்டன் இருக்கிறது. அந்தக் கொக்கிகளின் உதவியோடு லிப்பிட் ஏ அதில் கச்சிதமாக மாட்டிக்கொண்டதும் அலாரம் அலறும். அந்த பட்டனைக் கண்டுபிடிக்க உதவியதே ஒரு வகை எலிதான். எவ்வளவு எண்டோடாக்சின் கொடுத்தாலும் அசராத எலி அது. அதன் மரபணுவில் என்ன கோளாறு என்று தேடிப்போன புரூஸ் பாய்ட்லருக்கு 2011-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் ஒரு கத்தரி. பாஸ்பேட் கொக்கியை நறுக்கிவிடும். ஒரு கொக்கி போனாலே அலாரம் பலமாக அடிக்காது. இது வெறும் கோட்பாடு இல்லை. ஒரு கொக்கி நீக்கிய லிப்பிட் ஏ இவ்வளவு சாது ஆகிவிடுவதால், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் 'செர்வாரிக்ஸ்' தடுப்பூசியில் அதையே எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பொருளாகச் சேர்த்திருக்கிறார்கள்.

இந்தக் கத்தரி உடம்பில் என்ன செய்கிறது என்பது ரொம்ப காலம் புதிராகவே இருந்தது. டெஸ்டில் அளப்பார்கள், கூடினால் குறைந்தால் நோய் சொல்வார்கள், அதோடு சரி. 1997-ல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உயிருள்ள உடம்பில் இது எண்டோடாக்சினின் பாஸ்பேட்டை நறுக்குகிறது என்று காட்டிய பிறகுதான் கதை திரும்பியது.

அடுத்த பெரிய திருப்பம் ஒரு மீன் குஞ்சிடமிருந்து வந்தது. கொளத்தூர் கலர் மீன் கடைகளுக்குப் போயிருந்தால் ஸீப்ரா ஃபிஷ்ஷைப் பார்த்திருப்பீர்கள். நீலக் கோடு போட்ட, விரல்நுனி அளவு மீன். பூர்வீகம் நம் இந்திய ஆறுகள்தான். குஞ்சாக இருக்கும்போது உடம்பு கண்ணாடி மாதிரி இருப்பதால் உள்ளே நடப்பதை மைக்ராஸ்கோப்பில் நேரலையாகப் பார்க்கலாம். அமெரிக்காவின் ஒரேகான் பல்கலைக்கழகத்தில் கேரன் கில்லமின் குழு, கிருமியே இல்லாத தொட்டியில் இந்தக் குஞ்சுகளை வளர்த்தது. குடலில் என்சைம் சொற்பம். பாக்டீரியாவை உள்ளே விட்டதும் என்சைம் சரசரவென்று ஏறியது. என்சைமைத் தயாரிக்க முடியாமல் செய்த குஞ்சுகளோ எண்டோடாக்சினைத் தாங்க முடியாமல் போயின, குடலில் வீக்கம் கண்டது. 2007-ல் வந்த முடிவு இது. குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியா குடியிருந்தும் நாம் தினமும் காய்ச்சலில் படுக்காமல் இருப்பதற்கு இந்த என்சைமும் ஒரு காரணம்.

மறுவருஷமே பாஸ்டனில் ரிச்சர்ட் ஹோடின் குழு எலிகளில் இன்னொன்றைக் கண்டது. பட்டினி போட்டால் குடலில் இந்த என்சைம் காணாமல் போகிறது. சாப்பாடு குடல் வழியே போனால்தான் காவல்காரன் வேலைக்கு வருவான். உடம்பு முடியாத குறைமாதக் குழந்தைக்குப் பல நாள் வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் டிரிப்ஸிலேயே வைத்திருக்கும் பழக்கம் இருந்ததே, அதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள்.

எலிக்குட்டியும் குறைமாதக் குழந்தையும்

பச்சிளங்குழந்தைகளில் செப்சிஸுக்குப் பெரிய வாசல் குடல். குறைமாதத்தில், 1,500 கிராமுக்கும் குறைவாகப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு 5 முதல் 10 பேரைத் தாக்கும் ஒரு நோய் உண்டு. குடலின் சுவர் வீங்கி, அழுகி, சில சமயம் ஓட்டை விழும். மருத்துவர்கள் சுருக்கமாக 'என்ஈசி' என்பார்கள். குடலில் இருக்க வேண்டிய கிருமியும் விஷமும் ரத்தத்துக்குள் கொட்டினால் அடுத்த சில மணி நேரத்தில் செப்சிஸ்.

இதை ஆராய எலிக்குட்டிதான் ஏன்? எலிக்குட்டி பிறக்கும்போதே ஒரு குறைமாதக் குழந்தை மாதிரிதான். கண் திறக்காது, முடி முளைக்காது, குடல் முதிராது. 1974-லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பிறந்த எலிக்குட்டிகளுக்கு மூச்சுத்திணறல் உண்டாக்கி, கிளெப்சியெல்லா கிருமியும் கொடுத்து, சிலவற்றுக்குப் புட்டிப்பால், சிலவற்றுக்குத் தாய்ப்பால் தந்தார்கள். புட்டிப்பால் குட்டிகளுக்குக் குடல் அழுகியது. தாய்ப்பால் குட்டிகள் தப்பித்தன. தாய்ப்பாலில் 'ஏதோ ஒன்று' இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. அந்த 'ஏதோ ஒன்று' என்ன என்பதைத்தான் அரை நூற்றாண்டாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஓர் ஆய்வுக்குழு இதே மாதிரி எலிக்குட்டிகளில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸைச் சோதித்தது. நோய் கண்ட குட்டிகளின் குடலில் சொந்த என்சைம் குறைந்திருந்தது. கன்றுக்குட்டியின் குடலிலிருந்து எடுத்த என்சைமைப் புட்டிப்பாலோடு முன்கூட்டியே கலந்து கொடுத்தபோது, உடம்பு முழுக்கப் பரவும் அழற்சியின் அடையாளங்கள் குறைந்தன. கன்றுக்குட்டி என்சைம் எலிக்குட்டியைக் காப்பாற்றுகிறது. இயற்கை பல விஷயத்தில் ஜாதி பார்ப்பதில்லை.

மனிதக் குழந்தைகளில்? 2019-ல் அமெரிக்காவில் 136 குறைமாதக் குழந்தைகளின் மலத்தைத் தொடர்ந்து சோதித்த ஆய்வு ஒன்று வெளியானது. என்ஈசி வந்த குழந்தைகளின் மலத்தில் இந்த என்சைம் நிறைய உதிர்ந்து கிடந்தது, ஆனால் வேலை செய்யும் திறனை இழந்திருந்தது. காவல்காரர்கள் வாசலில் மயங்கிக் கிடப்பது போல. டயப்பரிலிருந்தே நோயைக் கணிக்கலாமா என்று யோசிக்க இது வழி திறந்திருக்கிறது. ஊசி குத்த வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம். ஒரு கிலோ எடையுள்ள குழந்தையிடம் எடுப்பதற்கு ரத்தமே எவ்வளவு இருக்கப்போகிறது?

ஆட்டுப்பாலில் மனித என்சைம்

தாய்ப்பாலில் காவல்காரர் ஒருவர் மட்டும் இல்லை. 1922-ல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டுபிடித்த லைசோசைம் இருக்கிறது. பென்சிலினுக்கு முன்னால் அவர் கண்டது இதைத்தான். பாக்டீரியாவின் சுவரை அறுக்கும் என்சைம். மனிதத் தாய்ப்பாலில் இது பசும்பால், ஆட்டுப்பாலைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் அதிகம். அழற்சியைக் கிளப்பும் 'பிஏஎஃப்' என்ற கொழுப்புப் பொருளை உடைக்கும் என்சைமும் தாய்ப்பாலில் உண்டு. பச்சிளங்குழந்தையின் சொந்த ரத்தத்தில் அது குறைவு என்று மைக்கேல் காப்லன் என்ற ஆய்வாளர் 1990-களிலேயே காட்டிவிட்டார்.

லைசோசைம் விஷயத்தில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஒரு வேடிக்கையான காரியம் செய்தார்கள். மனித லைசோசைமைப் பாலில் சுரக்கும்படி மரபணு மாற்றிய ஆடுகளை வளர்த்தார்கள். அந்தப் பாலை ஈ.கோலை வயிற்றுப்போக்கு கண்ட பன்றிக்குட்டிகளுக்குக் கொடுத்தபோது அவை சீக்கிரம் தேறின. 2013-ல் இதை வெளியிட்டார்கள். அந்தப் பால் நம் ஊர்க் கடைக்கு வர இன்னும் எத்தனை கமிட்டிகளைத் தாண்ட வேண்டும் என்பது வேறு கதை.

மாடு வளர்ப்பவர்களுக்கு இதெல்லாம் புதுசு இல்லை. கன்றுக்குட்டிக்கு, மனிதக் குழந்தைபோலத் தாயின் ரத்தத்திலிருந்து எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாக வருவதில்லை. முதல் சில மணி நேரத்தில் குடிக்கும் சீம்பால்தான் அதற்கு எல்லாமே. ஒரு நாள் கடந்தால் குடல் கதவு மூடிக்கொள்ளும், பிறகு கொடுத்தும் பெரிய பிரயோஜனம் இல்லை. சீம்பால் கிடைக்காத கன்று ஈ.கோலை செப்சிஸில் செத்துப்போவது கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி பார்ப்பது. வெல்லம் போட்டுக் காய்ச்சிய சீம்பால் ருசிதான். கன்றுக்குப் போக மிச்சம் இருந்தால்.

எலிக்குட்டிக்காக ஒரு சட்டம், அடுத்த தெருவிலிருந்து

இவ்வளவு சோதனையையும் படிக்கும்போது 'அந்தக் குட்டிகள் என்ன பாவம் செய்தன?' என்று தோன்றாமல் இருக்காது. செப்சிஸ் ஆராய்ச்சியில் பரவலாகப் பயன்படும் ஒரு முறையில், 5 முதல் 7 நாள் வயதான எலிக்குட்டியின் வயிற்றுக்குள் இன்னொரு எலியின் குடல் கழிவைக் கரைத்து ஊசியாகப் போடுவார்கள். பல குட்டிகள் இறக்கும். யார் பிழைக்கிறார்கள், ஏன் பிழைக்கிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. இதைப் பூசி மெழுகிச் சொல்வதில் அர்த்தமில்லை.

இந்தியாவில் இப்படி ஒரு சோதனை செய்ய வேண்டுமென்றால் எந்தச் சட்டத்தின் கீழ் அனுமதி வாங்க வேண்டும் தெரியுமா? 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அந்தச் சட்டத்தின் வேர் ஊரூர் ஒல்காட் குப்பத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குப்பத்தின் பெயரில் இருக்கும் ஒல்காட், பிரம்ம ஞான சபையைத் தொடங்கிய கர்னல் ஹென்றி ஸ்டீல் ஒல்காட். சபை 1882-ல் அடையாற்றின் தென்கரையில் வாங்கிய தோட்டம் இன்றைக்கும் குப்பத்தின் பக்கத்து வீடு. அந்த வளாகத்தில் வளர்ந்த இயக்கத்தைச் சேர்ந்தவர்தான் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல்.

1952-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், விலங்குகள் மீதான கொடுமையைத் தடுக்க ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி சொன்னதால் அதைத் திரும்பப் பெற்றார். அதன் தொடர்ச்சிதான் 1960 சட்டம். 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. சட்டத்தின் 15-வது பிரிவு விலங்குப் பரிசோதனைகளைக் கண்காணிக்க ஒரு குழுவை அமைக்கச் சொல்கிறது. இன்று ஒவ்வோர் ஆய்வு நிறுவனத்திலும் இருக்கும் விலங்கு நெறிமுறைக் குழு, 'இத்தனை குட்டி எதற்கு? குறைவாக வைத்துச் செய்ய முடியாதா? வலி தெரியாமல் இருக்க என்ன ஏற்பாடு?' என்று கேட்பது அந்தப் பிரிவின் பேரன் பேத்திதான். நாட்டியத்துக்காக மட்டும் அவரை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கத்தையும் ஒருமுறை புரட்டலாம்.

எலிக்குப் பலித்தது குழந்தைக்குப் பலிக்குமா?

இங்கேதான் உற்சாகத்தைக் கொஞ்சம் அடக்க வேண்டியிருக்கிறது. செப்சிஸ் மருந்துகளின் வரலாறு, எலிகளைக் காப்பாற்றிவிட்டு மனிதர்களைக் கைவிட்ட மருந்துகளின் வரலாறு.

முதல் உதாரணமே ஒரு என்சைம்தான். ரத்தம் உறைவதைக் கட்டுப்படுத்தும் 'ஆக்டிவேட்டட் புரோட்டீன் சி'. 'ஸிக்ரிஸ்' என்ற பெயரில் 2001-ல் அமெரிக்காவில் பெரியவர்களுக்கு அனுமதி கிடைத்தது. செப்சிஸுக்கென்றே அனுமதி பெற்ற மருந்து என்று உலகமே கொண்டாடியது. குழந்தைகளுக்கும் கொடுத்துப் பார்க்கலாம் என்று நடத்திய பரிசோதனை 477 பேரோடு 2005-ல் நிறுத்தப்பட்டது. பலன் தெரியவில்லை. அதைவிட மோசம், மூளையில் ரத்தக்கசிவு, குறிப்பாக 60 நாளுக்கும் குறைந்த வயதுக் குழந்தைகளில். 2011-ல் பெரியவர்களுக்கும் பலனில்லை என்று தெரிந்ததும் கம்பெனியே உலகம் முழுக்க மருந்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

நம் ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் மனிதர்களிடம் வந்தது. செப்சிஸால் சிறுநீரகம் கெட்ட பெரியவர்களுக்கு, ஆய்வகத்தில் தயாரித்த என்சைமை ஊசியாகப் போட்டார்கள். 2018-ல் 301 பேரிடம் நடந்த சோதனையில் முக்கிய இலக்கான சிறுநீரக முன்னேற்றம் உடனடியாகத் தெரியவில்லை. ஆனால் என்சைம் பெற்றவர்களில் இறப்பு குறைந்தது. எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது. அடுத்து சுமார் 650 பேரிடம் பெரிய சோதனை. இரண்டு பிரிவிலும் 28 நாளில் இறந்தவர்களின் சதவீதத்தில் வித்தியாசமே இல்லை. பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஏன் இப்படி? ஒரு காரணம், எலி எண்டோடாக்சினை நம்மைவிடப் பல மடங்கு அதிகமாகத் தாங்கும். இன்னொன்று, ஆய்வகத்தில் எலிக்குட்டிக்கு நோய் எப்போது தொடங்கியது என்று நிமிஷக் கணக்கில் தெரியும். மருந்தை முன்கூட்டியே கொடுக்கலாம். ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிக்கு அலாரம் அடித்து எத்தனை மணி நேரம் ஆனதென்று யாருக்குத் தெரியும்? வீடு எரிந்த பிறகு தீக்குச்சியைப் பிடுங்கி என்ன செய்வது?

அதனால்தான் பச்சிளங்குழந்தை ஆய்வாளர்களின் பார்வை ஊசியிலிருந்து குடலுக்குத் திரும்பியிருக்கிறது. நோய் வந்த பின் ரத்தத்தில் போடுவதை விட்டுவிட்டு, வருவதற்கு முன்பே குடலில் காவல் வைப்பது. அதிலும் எல்லாம் பலிக்கவில்லை. பாலில் இருக்கும் லாக்டோஃபெரின் என்ற புரதம் ஆரம்ப ஆய்வுகளில் ஜொலித்தது. பிரிட்டனில் 2,203 குறைமாதக் குழந்தைகளுக்குப் பசும்பாலிலிருந்து எடுத்ததைக் கொடுத்துப் பார்த்து 2019-ல் வெளியான முடிவில் தொற்று குறையவில்லை.

பலித்தது ஒடிசாவில். கிராமங்களில் பிறந்த 4,556 குழந்தைகளிடம், நல்ல பாக்டீரியா ஒன்றையும் அதற்குத் தீனியாக ஒரு சர்க்கரையையும் முதல் வாரத்தில் வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்த பரிசோதனை அது. பினாகி பாணிகிரஹி தலைமையில் நடந்தது, 2017-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது. செப்சிஸும் மரணமும் சேர்ந்து 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாக இறங்கின. இவர்கள் எல்லோரும் நல்ல எடையோடு பிறந்த, தாய்ப்பால் குடித்த குழந்தைகள். ஒரு கிலோ குழந்தைக்கும் இது பொருந்துமா என்பதற்குத் தனியாகத்தான் பதில் தேட வேண்டும்.

62.5 டிகிரியின் சிக்கல்

பச்சிளங்குழந்தைக்கு ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் இன்னும் மருந்தாக வரவில்லை. சரி, தாய்ப்பாலில்தான் இருக்கிறதே என்றால், அங்கேயும் ஒரு முடிச்சு.

ஆவின் பால் சரியாகப் பதப்படுத்தப்பட்டதா என்று பால் பண்ணையில் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? பாலில் இயல்பாகவே இருக்கும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். காசநோய்க் கிருமியைக் கொல்லும் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதல் சூட்டில்தான் இது சாகும். என்சைம் செத்திருந்தால் கிருமியும் செத்திருக்கும். உலகம் முழுக்கப் பால் பண்ணைகளில் இதுதான் பழைய, நம்பகமான டெஸ்ட். என்சைமின் மரணம்தான் பாலின் தரச்சான்று.

தாய்ப்பால் வங்கியிலும் இதே சூடுதான். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி மும்பை சயான் மருத்துவமனையில் 1989-ல் தொடங்கியது. இன்று எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை உள்பட தமிழ்நாட்டின் பல அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. தானமாக வரும் பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிஷம் வைக்கிறார்கள். எச்ஐவி போன்ற வைரஸ்களிலிருந்து காக்க அது கட்டாயம். அந்த அரை மணி நேரத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் முழுதாகப் போய்விடும். கொழுப்பைச் செரிக்க உதவும் லைப்பேஸ் என்சைமும் போய்விடும். லைசோசைம் குறையும். சிறப்புச் சர்க்கரைகள் தாக்குப்பிடிக்கும். எதிர்ப்புப் புரதங்களில் பாதிக்கும் மேல் தப்பும்.

அதற்காக வங்கிப் பால் வேண்டாம் என்று யாரும் புரிந்துகொள்ளக் கூடாது. டப்பா பாலோடு ஒப்பிட்டால், சூடாக்கிய தானப் பால் குடிக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கு என்ஈசி கணிசமாகக் குறைவு. அம்மாவின் சொந்தப் பால் முதல் இடம், அது போதாதபோது வங்கிப் பால், அதுவும் இல்லாதபோதுதான் டப்பா. இந்த வரிசையில் எந்த டாக்டருக்கும் சந்தேகம் இல்லை. சூட்டுக்குப் பதில் புறஊதாக் கதிர், அதிக அழுத்தம், சில விநாடிகள் மட்டும் அதிக சூடு என்று என்சைமைக் காப்பாற்றும் வழிகளைப் பல நாடுகளில் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சேனைக்குப் பதிலாக

இன்னொரு கதவு நம் வீட்டுக்குள்ளேயே சாத்திக் கிடக்கிறது. "மஞ்சளா, கெட்டியா இருக்கு, பீச்சி ஊத்திடும்மா, குழந்தைக்குச் சேராது." பிரசவம் முடிந்த வீட்டில் பெரியவர்கள் யாராவது இப்படிச் சொல்வது குப்பத்திலும் உண்டு, கேட்டட் கம்யூனிட்டியிலும் உண்டு. சொல்பவர்கள் அன்பில் குறைந்தவர்கள் இல்லை. அவர்களுக்கு அவர்கள் அம்மா சொன்னது. அந்த மஞ்சள் பாலில்தான் எதிர்ப்புப் புரதங்கள் மிக அடர்த்தியாக இருக்கின்றன. கூடவே சேனை வைப்பது: வீட்டில் நல்ல குணம் உள்ள ஒருவர் விரலைச் சர்க்கரைத் தண்ணீரிலோ தேனிலோ தொட்டு குழந்தையின் நாக்கில் வைப்பது. குணம் ஒட்டுகிறதோ இல்லையோ, விரலில் இருக்கும் கிருமி நிச்சயம் ஒட்டும். காவல்காரர்கள் வருவதற்கு முன்பே வாசலைத் திறந்துவிட்ட கதை.

வீட்டுக்குப் போன பிறகு கவனிக்க வேண்டியவை இவை. நன்றாகப் பால் குடித்த குழந்தை திடீரென்று குடிக்க மறுப்பது, தொட்டால் மட்டும் அசைவது, நிமிஷத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குவது, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்வாங்குவது, உடம்பு கொதிப்பது, வலிப்பு. உடம்பு சில்லிட்டுப் போவதும் அதே அளவு ஆபத்து. பச்சிளங்குழந்தைக்குச் செப்சிஸ் வந்தால் காய்ச்சல்தான் வரும் என்று இல்லை, குளிர்ந்தும் போகும். இதில் எது தெரிந்தாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

வாயால் குடிக்கவே முடியாத, ஒரு கிலோவுக்கும் குறைந்த குழந்தைகளுக்குப் பல மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. அம்மா பீச்சித் தரும் சூடாக்காத சீம்பாலை, ஊசியில்லாத சிரிஞ்சில் 0.1 அல்லது 0.2 மில்லி மட்டும் எடுத்து, கன்னத்தின் உட்புறத்தில் தடவுவார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை, முதல் சில நாள்கள். விழுங்கக்கூட வேண்டாம். பெரிய ஆய்வுகளில் இதன் பலன் இன்னும் முழுதாக நிலைநாட்டப்படவில்லை, ஆனால் செலவு கிட்டத்தட்ட இல்லை, ஆபத்தும் மிகக் குறைவு. நர்ஸ் கையுறை போட்டுக்கொண்டு அந்த இரண்டு துளியைத் தடவும்போது, இன்குபேட்டர் கண்ணாடிக்கு வெளியே நிற்கும் பாட்டிக்கு அது சேனை வைப்பது மாதிரியேதான் தெரியும்.